கணையத்தைச் சுடும் கொழுப்பு

இரத்தக் கொழுப்பு என்றதும் மாரடைப்பை மட்டுமே நினைந்து அஞ்சுகின்ற நம்மவர், ட்ரைகிளிசரைடு என்னும் கொழுப்பு அளவு கடந்து பெருகுமாயின், இரைப்பைக்குப் பின்னே ஒடுங்கிக் கிடக்கும் கணையம் திடீரென அழற்சியுற்றுப் பிராணாபத்தையே விளைவிக்கக்கூடும் என்பதைப் பெரும்பாலும் அறிவதில்லை. டெசிலிட்டருக்கு 150 மில்லிகிராமுக்குள் அடங்கவேண்டிய அது, 1,000-ஐத் தாண்டுகையில் அபாயம் பிரத்தியட்சமாகிறது.

பித்தக்கற்களும் மதுவுமே இந்நோய்க்குப் பிரதான காரணங்கள். மதுவைத் தீண்டாத என் மைத்துனரை வீழ்த்தியதோ, கட்டுக்கடங்காத நீரிழிவும் அதனால் பெருகிய இக்கொழுப்புமே. தெளிந்து பிரியவேண்டிய அவருடைய சீரம், குழாயில் பால்போல் வெளுத்து நின்றதாம். கொழுப்பைச் செரிப்பதற்கென்று கணையமே சுரக்கின்ற லிப்பேஸ் என்னும் நொதி, அங்குள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களில் மிகுந்த கொழுப்பைச் சிதைத்து, அதினின்று விடுபடும் அமிலங்களால், தான் பிறந்த உறுப்பையே புண்படுத்துகிறது என்பது வைத்திய சாஸ்திரத்தின் விளக்கம். (இத்தகைய கொழுப்பு மிகுந்த இரத்தத்தில், இந்நோயைக் காட்டிக்கொடுக்கவேண்டிய அமிலேஸ் என்னும் நொதியின் அளவு பொய்யாகச் சாதாரணம் எனக் காட்டுவதும் உண்டு, என்ன விபரீதம்!)

உபவாசம், சிரைவழித் திரவம், இன்சுலின் ஆகியவற்றால் அவர் தேறினார். சர்க்கரையின் அளவைக் கண்டவுடன் பரிசோதனைத் தாளை மடித்து வைத்துவிடும் நம் வழக்கம் எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. கொழுப்பின் வரியையும் அவசியம் வாசித்தல் வேண்டும். இப்போது ஃபீனோஃபைப்ரேட் மாத்திரையும் எண்ணெய் குறைந்த ஆகாரமும் அவருக்கு விதிக்கப்பட்டுள்ளன. சோறும் இனிப்புங்கூட மிகுந்தால் ட்ரைகிளிசரைடை உயர்த்தும் என்பதைத்தான் அவர் இன்னும் நம்ப மறுக்கிறார்.