பழைய சவரக்கத்திக்குச் சாமான் தேடிய கதை

போன மாதம் நான் போட்ட சவரக்கத்திப் படத்தைப் பார்த்துவிட்டு, "சார், சலூன் வைக்கப் போறீங்களா?" என்று கேட்டவர்கள் மூன்று பேர். "எங்க தாத்தா கத்தியும் இப்படித்தான் கிடக்கு, சாமான் எல்லாம் எங்க வாங்கினீங்க?" என்று கேட்டவர்கள் ஏழு பேர். அந்த ஏழு பேருக்காக இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கத்தி என்னுடையது அல்ல. என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பையனுடைய அப்பாவின் கத்தி. நம் ஊருக்கு முடி காணிக்கை செலுத்த வந்த எத்தனையோ ஆயிரம் பேருக்கு மொட்டை போட்ட கை அவருடையது. இப்போது வயது எண்பதைத் தாண்டிவிட்டது. பையன் மஸ்கட்டில் இருக்கிறான். லீவில் வந்தவன் ஒரு துணிப் பொட்டலத்தை என் மேசையில் வைத்து, "அப்பா இருக்கும்போதே இத சரி பண்ணி அவங்க கையில குடுக்கணும் சார்" என்றான். பழைய கடிகாரம், மைப்பேனா என்று நான் நோண்டிக்கொண்டிருப்பது அவனுக்குத் தெரியும்.

அவன் யார் என்று ஊகிக்க வேண்டாம். வகுப்பில் ஒவ்வொருவரிடமும் அப்பா என்ன வேலை என்று கேட்டுப் பதிவேட்டில் எழுதுவோம் அல்லவா, அப்போது என் காதருகே வந்து "கூலின்னு எழுதுங்க சார்" என்று சொன்னவன். நான் அப்படியே எழுதினேன். மற்ற பிள்ளைகள் என்ன சொல்லிக் கேலி செய்வார்கள் என்பது அவனைப் போலவே எனக்கும் தெரியும்.

பொட்டலத்தைப் பிரித்தால் ஜெர்மனி, சோலிங்கன் கத்தி. அந்த ஊர்ப் பெயரை வேறு ஊர்க்காரர்கள் தங்கள் கத்தியில் போடக்கூடாது என்று 1938-லேயே ஜெர்மனியில் சட்டம் போட்டுவிட்டார்கள். அவ்வளவு பெயர்! ஆனால் அலகு முழுக்கத் துரு. நம் ஊர் உப்புக்காற்று ஒரு காரணம். இன்னொரு காரணம் கைப்பிடி. அது செல்லுலாய்ட். பழசானால் தானாகவே சிதைந்து அமில வாயு விடும், பக்கத்தில் உள்ள இரும்பை அதுவே அரிக்கும். மூடிய டப்பாவில் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று நினைப்பவர்கள் இன்றே திறந்து பாருங்கள். எளிதில் தீப்பிடிக்கும் பொருளும்கூட.

கத்தி சும்மா கிடந்ததற்கும் காரணம் உண்டு. எய்ட்ஸ் பற்றிய விழிப்புணர்வு வந்த பிறகு ஆளுக்கொரு புது பிளேடு என்று ஆனது. பிளேடைப் பாதியாக உடைத்து மாட்டுகிற கத்தி போதும் என்றாகிவிட்டது. அதுதான் சரி. பழைய கத்தியைச் சீர்செய்தாலும் ஒருவர் முகத்துக்கு மட்டுமே, இன்னொருவருக்கு வேண்டாம். 2021 முதல் அறநிலையத் துறைக் கோயில்களில் மொட்டைக்குக் கட்டணமும் இல்லை.

இனி சாமான்கள். 'சவரக்கத்தி ரிப்பேர் சாமான்' என்று கேட்டால் எந்தக் கடையிலும் கிடைக்காது. வேறு வேறு தொழில்காரர்களிடம் அது சிதறிக் கிடக்கிறது.

துருவுக்கு முதலில் தையல் மிஷின் எண்ணெய். தடவி இரண்டு நாள் ஊறவிட்டேன். புளி போட்டுத் தேய்க்கலாமே என்றாள் வீட்டுக்காரி. பித்தளைக் குத்துவிளக்குக்குச் சரி, எஃகை அமிலம் தின்னும் என்று மறுத்துவிட்டேன். பிறகு கார் பெயின்டர்கள் வாங்குகிற வாட்டர் பேப்பர், 600, 1000, 2000 என்று. தூத்துக்குடியில் எந்தப் பெயின்ட் கடையிலும் கிடைக்கும். கையால் மட்டும் தேயுங்கள். சாணைச் சக்கரத்தில் கொடுத்துவிடாதீர்கள். சூட்டில் எஃகு நீலம் பாய்ந்தால் கடினம் போயிற்று, பிறகு கூர் நிற்காது. வெட்டும் விளிம்பிலேயே துரு குழி விழுந்திருந்தாலோ கீறல் விட்டிருந்தாலோ அந்தக் கத்தியை ஷோகேஸில் வைத்துவிடுங்கள்.

கைப்பிடிக்கு என்ன செய்வது? நம் ஊரில் பனை இல்லாமல் ஒரு வேலை நடக்குமா என்று தச்சாசாரியிடம் பனை வைரம் கேட்டேன். "மெலிசா சீவினா சிலும்பும் சார், கையில ஏத்திரும்" என்று சொல்லி ஈட்டி மரத் துண்டு இரண்டு எடுத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. கைப்பிடியை அலகோடு சேர்க்கும் ஆணி ஒன்றரை மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி. ஹார்டுவேர் கடையில் இருந்ததெல்லாம் தடிமன். கடைசியில் நகை ஆசாரி ஒருவர் துளைத் தகட்டில் இழுத்து இழுத்து அந்த அளவுக்குக் கொண்டுவந்தார். நெல்மணி அளவு வாஷரும் அவரே வெட்டித் தந்தார். தலையைச் சின்னச் சுத்தியலால் மெதுவாகத் தட்டி விரிக்க வேண்டும். ஓங்கி அடித்தால் மரம் பிளந்துவிடும்.

கல்தான் பெரும்பாடு. அரிவாள், அரிவாள்மணைக்குத் தீட்டுகிற கார்போரண்டம் கல் எல்லா ஊரிலும் உண்டு. சவரக்கத்திக்கு அது சொரசொரப்பு. 1000, 3000, 8000 என்று எண் போட்ட நீர்க்கற்கள் வேண்டும். அவற்றை ஆன்லைனில்தான் வாங்கினேன். கோணம் பிடிக்கத் தெரியாதே என்று பயப்படாதீர்கள். கத்தியின் முதுகும் விளிம்பும் இரண்டுமே கல்லில் படும்படி தட்டையாக வைத்தால் போதும், முதுகின் தடிமனே கோணத்தைக் கொடுத்துவிடும். எவ்வளவு அழகான கணக்கு பாருங்கள்! கல்லில் விளிம்பு முன்னே போக வேண்டும், தோலில் முதுகு முன்னே போக வேண்டும். மாற்றினால் தோல் கிழியும். கடைசி மெருகுக்குப் பாத்திரப் பட்டறைகளில் பாலிஷ் போடும் பச்சை சோப்புக் கட்டியைத் துணியில் தேய்த்து அதில் இழுத்தேன். அதில் உள்ள பச்சை, குரோமியம் ஆக்சைடு.

இடையில் ஒரு செய்தி. நம் தென்னிந்தியாவின் உருக்கு எஃகைப் பற்றி 1795-லேயே லண்டன் ராயல் சொசைட்டியில் ஆய்வுக் கட்டுரை வந்தது. பிறகு மைக்கேல் ஃபாரடே அந்த எஃகின் ரகசியம் தேடி உலோகக் கலவைகள் செய்து பார்த்தார். அப்படிச் செய்த எஃகில் சவரக்கத்திகள் அடித்து நண்பர்களுக்குப் பரிசளித்தார். நான் நடத்தாத பாடம், இப்போது படித்துக்கொள்ளுங்கள்.

பையனுக்குக் கத்தி கண்ணாடி போலப் பளபளக்க வேண்டும் என்று ஆசை. அவ்வளவு தேய்த்தால் சோலிங்கன் முத்திரை மறைந்துவிடும், அலகும் மெலியும். அவன் அப்பாவிடமே கேட்கப் போனேன்.

"கூர் வந்தாப் போதும் சார்வாள். கருப்பு இருக்கட்டும். அது நான் வேல பாத்த கருப்பு" என்றார்.

"பையன் ஆசப்படுறான் அண்ணாச்சி."

"அவனுக்கு என்ன தெரியும்? கத்தியத் தொட விட்டதே இல்லையே நான்."

வாசல்படியில் நின்ற பையன் ஒன்றும் பேசவில்லை. நான் கருப்பை விட்டுவிட்டேன்.

வேலை முடிந்து கத்தியைக் கொண்டுபோய்க் கொடுத்த அன்று, முன்னங்கை ரோமத்தில் ஒரு முறை வைத்துப் பார்த்தார். ரோமம் விழுந்தது. "கல்லு வேல நல்லா வந்திருக்கு. தோலுல போடல நீங்க" என்றார். எப்படிக் கண்டுபிடித்தாரோ! துணியில் இழுத்ததோடு நிறுத்தியிருந்தேன், நல்ல தோல் வார் எனக்கு அகப்படவில்லை. அது வந்த பிறகு பையனுக்குத் தானே சவரம் செய்வதாகச் சொல்லியிருக்கிறார். பையன் லீவை இரண்டு வாரம் நீட்டியிருக்கிறான்.

ஆகவே ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, திண்டுக்கல் பக்கம் வேலையில் இருக்கும் என் பிள்ளைகள் யாராவது உதவுங்கள். எருமைத் தோல், ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்டது, சாயம் ஏற்றாதது. மூன்று அங்குல அகலம், இருபது அங்குல நீளம், நடுவில் தழும்போ மடிப்போ இருக்கக்கூடாது. விலையைச் சொல்லி இன்பாக்ஸில் எழுதுங்கள், பணம் அனுப்புகிறேன். இலவசமாக அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவேன் என்பது உங்களுக்குத் தெரியும். இந்த மாதம் இருபதாம் தேதிக்குள் வந்தால் நல்லது.