கறுத்த கண்ணாடி

அச்சுவேலிச் சந்தியில் வாடகைக்கு நிற்கும் வான்களுள் ஒன்று, சென்ற ஆண்டு வைகாசி மாதத்தில் தன் கண்ணாடிகளைக் கறுப்பாக்கிக்கொண்டது. நான்கு மாதங்களின் பின் அக்கறுப்பு உரித்தெடுக்கப்பட்டது. இடையில் நிகழ்ந்தவை பத்திரிகையில் இரண்டு வரி பெறத்தக்க சம்பவங்களும் அல்ல. ஆயினும், இருபத்திரண்டு ஆண்டுகள் வண்டியோட்டிப் பிழைத்த அவ்வானின் சாரதி, தம் வாழ்நாளில் ஒருபோதும் எண்ணிப் பார்த்திராத ஒரு பொருளை அந்த நான்கு மாதங்களிலேயே எண்ணத் தலைப்பட்டார். கண்ணாடி யாருக்காக இருக்கிறது என்பதே அது.

அவர் ஐம்பதை அண்டிய வயதினர். அவருடைய வலக்கை, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை, இடக்கையிலும் பார்க்க ஒரு படி கறுத்திருக்கும். வலப்புறம் அமர்ந்து ஓட்டும் நாட்டில் சாரதிகள் பலர்க்கும் வாய்க்கும் அடையாளம் அது. முன் கண்ணாடி இரு கண்ணாடித் தகடுகளின் நடுவே ஒரு மென்படலம் வைத்துச் செய்யப்படுவது. புறவூதாக் கதிரின் பெரும்பகுதியை அது தடுத்துவிடும். பக்கக் கண்ணாடியோ ஒற்றைத் தகடு. அக்கதிரின் ஒரு பகுதியை அது உள்ளே விடுகின்றது. ஆகவே முகம் தப்பினாலும் கை தப்புவதில்லை.

தம் கையின் பொருட்டு அவர் கண்ணாடியைக் கறுப்பாக்கவில்லை. பலாலியில் 2019 ஐப்பசியில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டது. இன்று சென்னையிலிருந்து வருவோரும், கோடை விடுமுறையில் ரொறன்ரோவிலும் இலண்டனிலுமிருந்து வருவோரும் வலிகாமத்து வாடகை வான்களுக்குப் பெரும் ஆதாரம். அவர்கள் தொலைபேசியிலே முதலில் கேட்பது ஏசி உண்டோ என்பது. அடுத்துக் கேட்பது, கண்ணாடி கறுப்போ என்பது. கலியாண வீட்டார் கேட்பதும் அதுவே. இரண்டு வாடகைகள் பக்கத்து வானுக்குப் போன பின்னர், அவர் யாழ்ப்பாண நகரத்துக் கடையொன்றுக்குப் போய் ஒட்டுத்தாள் ஒட்டுவித்தார். கடைக்காரர் “முப்பத்தைந்து” என்றார். நூற்றுக்கு முப்பத்தைந்து பங்கு கறுப்பு என்று விளங்கிக்கொண்டு இவரும் தலையாட்டினார்.

இங்கேதான் முதற் பிழை. அந்த எண் குறிப்பது தடுக்கப்படும் ஒளியை அன்று; உள்ளே விடப்படும் ஒளியை. முப்பத்தைந்து என்றால் நூறு பங்கு ஒளியில் அறுபத்தைந்து வெளியே நின்றுவிடும். அதுவும் தாள் தனித்து நிற்கும்போதுதான். வாகனத்தின் பக்கக் கண்ணாடி ஒட்டுவதற்கு முன்னரே ஒளியில் ஏறத்தாழ முக்காற் பங்கையே விடுவதாக இருந்தால், அதன்மீது இத்தாளை ஒட்டியபின் எஞ்சுவது நாலில் ஒன்று. எழுபது என்று எழுதிய தாளை வாங்கி, சட்டம் கேட்கும் எழுபதுக்கு உட்பட்டேன் என்று நம்புகின்ற சாரதியும் இதே கணக்கில்தான் தவறுகின்றார். எழுபதை முக்காலாற் பெருக்கினால் ஐம்பத்திரண்டரையே வரும். கடைகளில் இக்கணக்கைச் சொல்வார் இல்லை.

வெப்பத்தைப் பற்றிய நம்பிக்கையும் இத்தகையதே. சூரியனிடமிருந்து வரும் ஆற்றலில் ஏறக்குறையப் பாதி, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிராகவே வருகின்றது. மலிவான சாயத்தாள் கண்ணுக்குத் தெரியும் ஒளியை மறைக்கும். மற்றைப் பாதியை அவ்வளவாக மறைப்பதில்லை. உறிஞ்சிய வெப்பத்தைக் கண்ணாடியிலேயே வைத்திருந்து வண்டிக்குள்ளும் கொடுக்கும். சில ஆண்டுகளில் வெளிறி ஊதாவாகிவிடும். அகச்சிவப்பைத் தடுத்து ஒளியை விடும் தாள்களும் உண்டு, பார்வைக்கு அவை கண்ணாடி போலத் தெளிவானவை, விலையோ பன்மடங்கு. கறுப்பு வேறு, குளிர்மை வேறு. ஆயினும் கறுப்பைக் கண்டவுடன் குளிர்ந்ததாக நினைக்கும் மனத்துக்குத்தான் பயணிகள் பணம் கொடுக்கின்றனர்.

பகலில் அவருக்குக் குறை தெரியவில்லை. இரவிலே தெரிந்தது. செல்வச்சந்நிதியில் பூசை முடிந்து திரும்பும் அடியாரை ஏற்றிக்கொண்டு தொண்டைமானாற்றிலிருந்து அச்சுவேலிக்கு வரும் வீதியிலே, விளக்கில்லாத லான்ட்மாஸ்டர் ஒன்று வெங்காய மூட்டைகளோடு ஒழுங்கையிலிருந்து இடப்புறமாக ஏறியது. முன் கண்ணாடியிலே தாள் இல்லை. ஆனால் அது வந்தது பக்கக் கண்ணாடியின் வழியாக. வண்டியை நிறுத்திய பின்னரே அதனை ஓட்டிவந்தவரின் முகத்தை அவர் கண்டார். வீதியில் இன்னொன்றும் கவனித்தார். சைக்கிளில் வருவோரும் கடவைக்கு வெளியே குறுக்கே நடப்போரும் வாகனத்தைப் பார்ப்பதில்லை. சாரதியின் கண்களைப் பார்க்கின்றனர். அவர் கண்டுவிட்டார் என்று தெரிந்தாலன்றிக் கால் எடுத்து வைப்பதில்லை. இப்போது அவர்கள் தயங்கி நின்றனர். அவர் கையசைத்து வழி விட்டாலும் கை தெரியவில்லை.

உலகின் சட்டங்களுள் ஒரு வகை இந்தக் கவலையிலிருந்தே பிறந்தது. வெயில் தடுக்கும் ஒட்டுத்தாளுக்கு அமெரிக்காவின் திரீ எம் நிறுவனம் காப்புரிமை பெற்றது 1966 இல். அது பரவிய பின்னர் நாடுகள் எண்களை வகுத்தன. பிரித்தானியாவின் 1986 ஆம் ஆண்டு விதிகளின்படி, 1985 சித்திரை முதலாந் திகதியின் பின் வீதிக்கு வந்த கார்களின் முன் கண்ணாடி நூற்றுக்கு 75 பங்கு ஒளியையும், சாரதியின் இருபுறத்துக் கண்ணாடிகள் 70 பங்கு ஒளியையும் விடுதல் வேண்டும். பின்புறக் கண்ணாடிகளுக்கு வரையறை இல்லை. யப்பானிலும் முன் கண்ணாடிக்கும் முன்பக்கக் கண்ணாடிகளுக்கும் 70, பின்புறம் விருப்பம்போல். அச்சுவேலிக்கு வரும் யப்பானிய வான்கள் பலவற்றின் பின் கண்ணாடி ஆலையிலிருந்து வரும்போதே கறுத்திருப்பது இதனால்தான். இச்சட்டங்கள் கேட்பது ஒன்றே: சாரதிக்கு வெளியே தெரிகின்றதா?

இந்தியாவிலே கேள்வி திரும்பி நின்றது. அங்கே 1989 ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், நூறாம் விதியில், முன்னும் பின்னும் 70 பங்கு, பக்கங்களில் 50 பங்கு என்றே வகுத்திருந்தன. கறுத்த கண்ணாடியுள்ள வண்டிகளிலே நடைபெறும் குற்றங்களைச் சுட்டி அவிஷேக் கோயங்கா என்பவர் தொடுத்த வழக்கில், 2012 சித்திரை 27 ஆம் நாள் உச்ச நீதிமன்றம், எத்தனை பங்கு ஒளி விடுவதாயினும் ஒட்டுத்தாளே கூடாது எனத் தீர்த்தது. ஆலையில் நிறமூட்டிய கண்ணாடி அளவுக்குள் இருந்தால் ஆகும். அதன்மேல் எதையும் ஒட்டலாகாது. உள்ளே நடப்பது வெளியே தெரிய வேண்டும் என்பதே இங்கு கேள்வி. இன்னொரு நன்மையும் அத்தீர்ப்புக்கு இருந்ததாகக் கருதலாம். ஒளியை அளக்கக் கருவி வேண்டும். கருவியின்றி வீதியில் நிற்கும் பொலிஸ்காரர் ஐம்பதையும் நாற்பதையும் எவ்வாறு பிரித்தறிவார்? தாள் உண்டா இல்லையா என்பதற்கோ ஒரு விரல்நகம் போதும். பின்னர் 2020 இல் நூறாம் விதி திருத்தப்பட்டு, 2021 சித்திரை முதல் நடைமுறைக்கு வந்தது. அத்திருத்தத்தின் அடிப்படையில், தர நிர்ணயத்துக்கும் அளவுக்கும் உட்பட்ட படலம் குற்றமாகாது எனக் கேரள உயர் நீதிமன்றம் 2024 இல் தீர்ப்புரைத்தது. விரல்நகத்திலிருந்து மறுபடியும் கருவிக்கு!

2012 ஆம் ஆண்டுத் தீர்ப்பிலே ஒரு விலக்கும் இருந்தது. உச்சப் பாதுகாப்புப் பெற்ற பிரமுகரின் வண்டிகளுக்குக் குழுவொன்றின் அனுமதியோடு கறுப்புத்தாள் ஆகலாம். மறைந்து செல்வதற்கு உரிமையுடையோர் யார், இல்லாதோர் யார் என்பதை ஒரு தாள் பிரித்துக் காட்டுகின்றது.

அச்சுவேலிச் சாரதிக்கு இவையெல்லாம் தெரியா. அவருக்குத் தெரிந்தது 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் என்ற பெயர். கண்ணாடிக்கு உரிய பிரிவு எது என்று கேட்டாற் சொல்லமாட்டார். ஆவணி மாதத்தில், நல்லூர்த் திருவிழாக் கூட்டத்தினிடையே அவரை மறித்த உத்தியோகத்தர் கருவியொன்றும் வைத்திருக்கவில்லை. கண்ணாடியோடு முகத்தை ஒட்டி, இரு கைகளாலும் வெயிலை மறைத்துப் பார்த்துவிட்டு, “உள்ளே ஆர் எண்டு தெரியேல்லையே, கழட்டிவிடுங்கோ” என்றார். தண்டம் எழுதவில்லை. அன்று அவர் கழற்றவுமில்லை. பருவகால உழைப்பை விட்டுவிட எந்தச் சாரதிக்குத்தான் மனம் வரும்?

உள்ளே ஆர் என்ற கேள்வியை அவர் தம் வாழ்நாள் முழுதும் கேட்டே வளர்ந்தவர். தொண்ணூறுகளின் முற்பகுதியில், பொருளாதாரத் தடைக்காலத்தில், அவருடைய தந்தையாரின் ஒஸ்ரின் கார் துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடியது. அந்த மணத்துக்கு அஞ்சிக் கண்ணாடிகள் எந்நேரமும் இறக்கியே இருந்தன. வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்த 1995 ஐப்பசி 30 ஆம் நாளின் இரவில் அந்தக் காரும் தென்மராட்சி நோக்கி ஊர்ந்தது. ஊர் திரும்பிய பின்னர் சோதனைச் சாவடிகள் வந்தன. சாவடியை நெருங்கும்போது முன்விளக்கைத் தணித்து, உள்விளக்கைப் போட்டு, கண்ணாடியை இறக்க வேண்டும். எத்தனையோ ஆண்டுகள் அது அவர் கைக்குப் பழக்கமாயிருந்தது. சாவடிகள் நீங்கிய பின்னும் இருட்டில் யாரேனும் கைகாட்டினால் அவருடைய விரல் தானாகவே உள்விளக்கைத் தேடும்.

ஆனால் அதே ஆண்டுகளிலே, 2006 ஆம் ஆண்டின் பின், வீதிகளிலே வேறு வான்களும் ஓடின. வெள்ளை நிறம், கறுத்த கண்ணாடி, பலவற்றுக்கு இலக்கத்தகடு இல்லை. போரின் பின் 2010 இல் அமைக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் அவ்வான்களைப் பற்றிப் பலர் சாட்சியம் சொன்னார்கள். உள்விளக்கைப் போட்டவர்களின் பெயர்கள் சாவடிக் குறிப்புகளில் இருந்தன. போடாது போனவர்களின் பெயர்கள் எங்கும் இல்லை.

அந்த வான்களுள் ஒன்று 2007 இல் ஓரிரவு அவருடைய ஒழுங்கைக்கும் வந்தது. இரண்டு வீடு தள்ளியிருந்த ஆச்சியின் மகனை அது ஏற்றிச் சென்றது. ஏற்றியவர் யார் என்பது இன்றுவரை தெரியாது. ஆச்சி அதன்பின் எத்தனையோ அலுவலகங்களுக்குப் போய் வந்தார். காணாமற்போனோர் பற்றிய அலுவலகத்தின் யாழ்ப்பாணக் கிளை 2019 இல் திறக்கப்பட்ட பின் அங்கும் போனார். பெரும்பாலும் இவருடைய வானிலேயே போவார். இவரும் அரைவாசிப் பணத்துக்குமேல் வாங்குவதில்லை. சென்ற புரட்டாதியில் ஒருநாள், கடிதமொன்று கொடுக்க வேண்டும், காலையில் வா என்று ஆச்சி சொல்லியிருந்தார். நல்லூர்க் காலத்து ஓட்டத்தின் பின் அவர் வானோடு ஆச்சி வீட்டுக்குப் போனது அதுவே முதல் தடவை.

ஏசி போட்டிருந்ததால் கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. ஆச்சி குடையும் பையுமாகப் படலையைத் திறந்து வெளியே வந்தார், வானைப் பார்த்தார், நின்றார். பின் ஒன்றுஞ் சொல்லாது உள்ளே திரும்பிப் படலையைச் சாத்தினார். இவர் பதறி இறங்கினார்.

“ஆச்சி, நான்தான்.”

“தெரியும் தம்பி. நீ போட்டு வா. நான் பஸ்சிலை போறன்.”

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது அவர் வியக்கவில்லை. “இப்பத்தான் உங்களுக்குத் தெரியுதோ? ஒழுங்கைக்குள்ளை வான் வந்தால் இப்ப ஒருத்தரும் வெளியிலை வாறேல்லை. நீங்கள் கதவைத் திறந்து இறங்கினாப் பிறகுதான் வருவினம்” என்றார். நான்கு மாதங்களாக அவர் கண்ணாடிக்கு உள்ளேயிருந்தே ஊரைப் பார்த்திருக்கின்றார். வான் வெள்ளை என்பதும் அன்றுதான் அவருக்கு உறைத்தது. வெள்ளை வெயிலை எறியும், விற்கும்போது விலை போகும் என்று கருதி வாங்கிய நிறம் அது.

பிரித்தானியச் சட்டம் சாரதியின் கண்ணைப் பற்றியது. இந்தியத் தீர்ப்பு பொலிசின் கண்ணைப் பற்றியது. படலையில் நின்ற ஆச்சியின் கண்ணை எந்த விதி எத்தனை பங்கால் அளக்கும்? அன்றியும், தாள் ஒட்டலாகாது என்று 2007 இல் ஆயிரம் விதி இருந்திருந்தாலும், இலக்கத்தகடே இல்லாத வானை அது என்ன செய்திருக்கும்? கண்ணாடிச் சட்டம் பிடிப்பது சந்தியில் நிற்பவரை. இலக்கமும் அனுமதிப்பத்திரமும் விலாசமும் உடையவரை. அது நியாயமா என்று கேட்டால், இந்தச் சாரதி அதற்காக வாதாடவில்லை. அன்று மாலையே தாளை உரிக்கத் தொடங்கினார்.

ஒட்டுவதிலும் உரிப்பது கடினம். கடையில் கொடுத்தால் அதற்கும் கூலி. ஆகவே சுடுநீர், சவர்க்காரம், சவர அலகு ஆகியவற்றோடு தாமே இரண்டு மாலைகள் இருந்தார். தாள் வந்தாலும் பசை வரவில்லை. பின் கண்ணாடியிலே பனி நீக்குவதற்கென உள்ள கம்பி இழைகள் நாலைந்தை அலகு அறுத்துவிட்டது. அச்சுவேலியில் எந்தப் பனியை நீக்கப்போகின்றோம் என்று அவர் சிரித்துக்கொண்டாராம். பின்புறத்துக் கண்ணாடிகள் உரித்த பின்னும் கறுத்தே இருந்தன. அவை யப்பானில் வார்த்த கறுப்பு; உரிக்க வராதவை. சட்டப்படி பார்த்தாலும் அவற்றின் நிலை வேறு.

மறு வாரம் ஆச்சி வந்தார். பின் ஆசனத்துக்குப் போகவில்லை. முன்னே, சாரதிக்கு இடப்புறத்தில் அமர்ந்தார். ஏசி போடவில்லை. கோப்பாய்ப் பக்கமாக வீதி திருத்தும் இடத்தில் செம்புழுதி அடித்தது. “தூசி வருது ஆச்சி, கண்ணாடியை ஏத்தட்டே?” என்று கேட்டார்.

“வேண்டாம் தம்பி, கிடக்கட்டும்” என்று சொல்லி ஆச்சி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.