இன்னொரு சாவி எங்கே?

என் மேஜை டிராயரில் ஒரு பழைய சாவி கிடக்கிறது. எந்தப் பூட்டையும் திறக்காது. ஆனாலும் தூக்கிப்போட மனசு வரவில்லை.

எங்கள் தெரு இளைஞர் மன்றத்தின் சாவி அது. ஜாபர்கான்பேட்டையில், அடையாற்றுக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு மாடி அறை. கேரம் போர்டு, இரண்டு தினசரிகள், பொங்கலுக்கு உறியடிக் கயிறு, ஆடி மாசம் கூழ் ஊற்ற இரண்டு அண்டா. அவ்வளவுதான் சொத்து.

முதல் தலைவர் டெய்லர் அண்ணன். மன்றத்தை ஆரம்பித்தவரே அவர்தான். பதிவு செய்ய ஏழு பேர் வேண்டும் என்றதும், டீக்கடையில் நின்றவர்களை எல்லாம் பிடித்துக் கையெழுத்துப் போட வைத்தவர். 1997-ல் ஒரு பொதுக்குழுவில் சாவியை மேஜை மேல் வைத்தார். ‘‘எனக்கு முப்பது முடிஞ்சிடுச்சுப்பா. போர்டுல ‘இளைஞர்’னு எழுதியிருக்கு. எவனாவது கேட்டா வெட்கமா இருக்கும்.’’ கெஞ்சிப் பார்த்தோம். ம்ஹூம்! மறுநாளிலிருந்து பேப்பர் படிக்க மட்டும் வந்தார்.

அடுத்தவர் கட்சிக்காரர். அவர் காலத்தில் ஃபேன் வந்தது, டியூப் லைட் வந்தது, இரண்டிலும் அவர் பெயரும் வந்தது. கவுன்சிலர் சீட் கிடைக்காத கோபத்தில் கட்சி, தெரு இரண்டையும் மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

பிறகு நான். பி.காம். படித்த ஒரே தகுதியில் பொருளாளர் ஆனவன். கணக்கில் ஒரு ரூபாய் பிசகாது. அந்த நம்பிக்கையில் 2006-ல் தலைவராக்கினார்கள். 1975-ம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி நிர்வாகக் குழுவுக்கு ஆயுள் அதிகபட்சம் மூன்று வருஷம். ஆனால், மறுபடி தேர்வாகத் தடையில்லை. எனக்கு அந்த ‘ஆனால்’ போதுமே! மினிட்ஸ் நோட்டோடு வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கிவிடுவேன். ‘ஏகமனதாக’ என்று எழுதும்போது கை கூசியதே இல்லை.

2014-ல் வந்த தேசிய இளைஞர் கொள்கை, இளைஞர் என்றால் 15 முதல் 29 வயது என்றது. அப்போது எனக்கு 35. அந்தச் செய்தியை எங்கள் பத்திரிகைக்கு எழுதியதே நான்தான்!

அதே வருஷம் ஒரு கல்லூரி மாணவி நாலு பேரோடு படியேறி வந்தாள். ‘‘எங்களையும் மெம்பரா சேர்த்துக்கங்கண்ணா.’’

‘‘பொண்ணுங்களுக்கு இங்கே என்னம்மா இருக்கு? அடுத்த பொதுக்குழுவுல பார்க்கலாம்’’ என்று அனுப்பிவைத்தேன். அடுத்த பொதுக்குழுவை வழக்கம்போல நோட்டிலேயே நடத்தி முடித்தேன்.

2015 டிசம்பர் 1. ராத்திரி அடையாறு தெருவுக்குள் வந்துவிட்டது. கரன்ட் இல்லை, போன் இல்லை. நான் ஆபீஸில் உட்கார்ந்து வெள்ளச் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். மன்றத்துச் சாவி என் பேன்ட் பாக்கெட்டில்.

மூன்றாம் நாள் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து பார்த்தால், பூட்டு உடைந்து கிடக்கிறது. உள்ளே பாயில் பாட்டிகள், குழந்தைகள். கேரம் போர்டு மேல் மாத்திரைகள், பால் பவுடர். அண்டாவில் சாதம் கிளறிக்கொண்டிருந்தாள் அந்தப் பெண். ஓரமாக உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார் டெய்லர் அண்ணன்.

என் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி... ‘‘யாரைக் கேட்டுப் பூட்டை உடைச்சீங்க?’’

அவள் கோபப்படவில்லை. ‘‘உங்களைத்தான் கேட்கணும்னு இருந்தோம்ணா. நீங்க எங்கேன்னு யாருக்கும் தெரியல. முதல்ல சாப்பிடுங்க’’ என்று தட்டை நீட்டினாள்.

டெய்லர் அண்ணன் தலை நிமிராமல் கேட்டார்: ‘‘பூட்டு வாங்கினா ரெண்டு சாவி தருவானேப்பா. இன்னொண்ணு எங்கே?’’

அதுவும் என் வீட்டு பீரோவில்தான் இருந்தது. தண்ணீருக்குள்.

அடுத்த மாதம் நிஜமாகவே ஒரு பொதுக்குழு நடந்தது. அவள் தலைவியானாள். மூன்று வருஷம் முடிந்ததும் யாரும் சொல்லாமலே புதுச் சாவியை மேஜை மேல் வைத்தாள். ஒரு சாவி தலைவரிடம், இன்னொன்று டீக்கடை ஆணியில்... இதுதான் இப்போதைய ஏற்பாடு. நான் பேப்பர் படிக்க மட்டும் போகிறேன்.

ஒன்பது வருஷம் ஒரு ரூபாய் பிசகாமல் கணக்கு எழுதியவன் நான். அந்தப் படியேறி வந்து, திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர் என்று மட்டும் எந்த நோட்டிலும் எழுதி வைக்கவில்லை.