நானும் அங்கிருந்தேன்

ஒரு நகரத்தின் கடந்த காலத்தை அறிய விரும்புவோர் அதன் நூதனசாலைக்கும் நூலகத்திற்கும் செல்வர். கிளாஸ்கோ நகரின் கடந்த காலத்திலே ஒரு சிறு பகுதியை நான் அறிந்துகொண்டதோ ஒரு மாடிக்குடியிருப்பின் கற்படிக்கட்டிலேயாகும். உயர்தரப் பரீட்சை முடிந்து பல்கலைக்கழகப் பிரவேசத்துக்காகக் காத்திருந்த காலத்தில், ஸ்கொத்லாந்தின் அப்பெருநகரிலே வாழும் என் மாமாவின் வீட்டில் ஒரு மாரிகாலத்தைக் கழிக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. மாமாவும் மாமியும் விடியுமுன் வேலைக்குச் சென்றால் இரவிலேதான் திரும்புவர். மார்கழி மாதத்தில் அங்கு பிற்பகல் நான்கு மணிக்கு முன்னரே சூரியன் மறைந்துவிடும். அந்த நீண்ட இருளில் எனக்குப் பேச்சுத்துணையாய் வாய்த்தவர் எதிர்வீட்டில் தனித்து வாழ்ந்த ஒரு முதியவர்.

அவர் எழுபதைக் கடந்தவர். இளமையிற் கிளைட் நதிக்கரையிலே கப்பல் கட்டுந் தளமொன்றில் உருக்குத் தகடுகளைப் பொருத்தும் வேலை செய்தவர். பின்னர் பஸ் சாரதியாகி ஓய்வுபெற்றவர். உருக்கின்மீது சம்மட்டி விழும் ஓசையிலே பல்லாண்டுகளைக் கழித்தமையால் அவருடைய செவிகள் பாதி பழுதடைந்திருந்தன. அத்தகையவர் ஓயாது பேசிய பொருள் இசை என்பதே எனக்கு முதலில் வியப்பளித்தது. மேலைநாட்டு இளைஞர் இசையை வெறும் இரைச்சலென எண்ணியிருந்த நான், செவி மங்கிய ஒருவரிடமே அதனைப் பொருட்படுத்தக் கற்றுக்கொண்டேன்.

அவருடைய கதைகள் அவருடைய தாயாரிலிருந்து தொடங்கின. நகரின் கிழக்குப் பகுதியிலே ‘பாரஸ்’ என வழங்கும் சந்தையொன்று உண்டு. தள்ளுவண்டி வியாபாரிகளின் சந்தை அது. அதனை வளர்த்தெடுத்தவர் மகி மக்கைவர் என்ற பெண்மணி. தம் சந்தை வியாபாரிகளுக்கு ஆண்டுதோறும் நத்தார் விருந்தும் நடனமும் அளித்துவந்த அவர், வழக்கமாக வாடகைக்கு எடுக்கும் மண்டபம் ஓராண்டு கிடைக்காமற் போகவே, தாமே ஒரு மண்டபத்தைக் கட்டுவித்தார் என்பர். 1934 ஆம் ஆண்டு நத்தாருக்கு முதல்நாள் திறக்கப்பட்ட அந்த ‘பாரோலண்ட்’ நடன மண்டபத்தின் சிறப்பு அதன் மரத்தளமாகும். ஆடுவோரின் பாதங்களுக்கு ஏற்ப நெகிழ்ந்து துள்ளுமாறு அமைக்கப்பட்ட தளம் அது. நாள் முழுவதும் ஆலையில் நின்று வேலைசெய்த பெண்களுக்கு அத்தளத்திற் கால் வைத்ததும் களைப்பு நீங்கிவிடுமெனத் தாயார் கூறுவாராம். 1958 இல் அம்மண்டபம் தீக்கிரையானது. 1960 இல் மீண்டும் எழுந்தது. ஆயினும் 1968, 1969 ஆம் ஆண்டுகளில் அங்கு நடனமாடச் சென்ற மூன்று பெண்கள் கொலையுண்டனர். கொலையாளி இன்றுவரை நீதியின் முன் நிறுத்தப்படவில்லை. அந்த அச்சம் நகரைப் பல ஆண்டுகள் பீடித்திருந்தது. தம் தமக்கையார் தமது நடனச் சப்பாத்துகளைப் பெட்டியில் வைத்துப் பூட்டியதைக் கூறும்போது முதியவரின் குரல் தாழ்ந்துவிடும்.

அவருடைய சொந்தக் காலமோ ‘அப்போலோ’வின் காலமாகும். றென்பீல்ட் வீதியில் 1927 இற் கட்டப்பட்ட ‘கிறீன்ஸ் பிளேஹவுஸ்’ என்ற படமாளிகை நாலாயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகளைக் கொண்டது. அதுவே 1973 செப்ரெம்பரில் அமெரிக்கப் பாடகர் ஜொனி காஷின் நிகழ்ச்சியோடு அப்போலோ என்ற பெயரில் இசையரங்காகியது. அதன் மேடை ஏறத்தாழப் பதினைந்து அடி உயரமானது. முன்வரிசையில் இருந்தோர் கழுத்தை முறித்து அண்ணாந்து பார்க்க வேண்டும். மேல்மாடமோ சனங்கள் துள்ளும்போது கண்ணுக்குத் தெரியும்படியாகவே மேலுங்கீழுமாக அசையும். “முதல்முறை அசைந்தபோது இறந்துவிடுவேன் என்று நினைத்தேன், இரண்டாம் முறை, இறந்தாலும் பரவாயில்லை என்று நினைத்தேன்” என்றார் அவர்.

அந்நகரின் தொழிலாளர் குடியிருப்பிற் பிறந்து, நாற்பதை எட்டும் வயதிலே புகழடைந்த அலெக்ஸ் ஹார்வி 1975 ஆம் ஆண்டு நத்தார் காலத்தில் அங்கு பாடியதை அவர் நேற்று நிகழ்ந்தது போல விபரிப்பார். சிறுவயதிற் குடும்பத்தோடு கிளாஸ்கோவிலிருந்து அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த யங் சகோதரர்கள் தமது ‘ஏசி-டிசி’ குழுவோடு 1978 இல் அங்கு திரும்பிவந்து, ஸ்கொத்லாந்துக் காற்பந்தாட்டச் சட்டையை அணிந்து மேடையில் நின்றனர். அன்றைய ஒலிப்பதிவு இசைத்தட்டாகவும் வெளிவந்தது. அதிற் கேட்கும் ஆரவாரத்தில் ஒரு துளி தம்முடையது என்பது முதியவரின் உரிமைக்கோரிக்கை.

நகரம் எப்போதும் தன் இளைஞரை அணைத்துக்கொண்டதென்று கூறவியலாது. 1977 இல் பங்க் இசை பரவியபோது நகர ஆட்சியினர் தமது மண்டபங்களில் அதற்கு இடமளிக்க மறுத்தனர். இளைஞர் அயலிலுள்ள பெய்ஸ்லி என்னும் ஊருக்குச் சென்று அவ்விசையைக் கேட்டனர். இரண்டாண்டுகளின் பின், 1979 இல், அலன் ஹோர்ன் என்ற இளைஞர் ஒரு குடியிருப்பு வீட்டிலிருந்தே ‘போஸ்ற்காட்’ என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கி, ‘ஓறேஞ் யூஸ்’ முதலிய குழுக்களை வெளிக்கொணர்ந்தார். மண்டபம் மறுக்கப்படின் வீட்டறையே போதுமென்று அந்தத் தலைமுறை கண்டுகொண்டது. 1983 இல், கிளைட் நதிக்கரையைப் பொருளாகக் கொண்ட தமது பாடலொன்றின் படப்பிடிப்புக்காக உள்ளூர்க் குழுவான ‘சிம்பிள் மைன்ட்ஸ்’ பாரோலண்டைத் தேர்ந்தெடுத்தமை அம்மண்டபத்துக்குப் புத்துயிர் அளித்தது. அதன்பின் அது இசை நிகழ்ச்சிகளின் இல்லமாயிற்று.

நத்தாருக்கு முதியவரின் மகள் வந்திருந்தார். அவருடைய தலைமுறையின் ஆலயம் சென்ற் வின்சென்ற் வீதியிலுள்ள ‘கிங் ரற்ஸ்’ என்னும் சிறு கூடம். 1990 இல் திறக்கப்பட்ட அதிற் முந்நூறு பேர் மாத்திரமே நிற்கலாம். படிக்கட்டின் ஒவ்வொரு படியிலும் ஓர் ஆண்டும், அவ்வாண்டு பாடிய குழுக்களின் பெயர்களும் தீட்டப்பட்டுள்ளன. 1993 மே 31 ஆம் நாள், மன்செஸ்ரரிலிருந்து அழையா விருந்தாளிகளாய் வந்த ‘ஒயாசிஸ்’ குழுவினர் அங்கு சில பாடல்களைப் பாட, கிளாஸ்கோவைச் சேர்ந்த இசைத்தட்டு அதிபர் அலன் மக்கீ அவர்களைக் கண்டெடுத்தார். “அன்றிரவு அங்கிருந்ததாகச் சொல்வோர் யாவரையும் ஒன்றுசேர்த்தால் காற்பந்தாட்ட மைதானமும் போதாது” என்று மகள் சிரித்தார். தந்தையார் சிரிக்கவில்லை என்பதை நான் அப்போது பொருட்படுத்தவில்லை.

முதியவர் ஒரு பிஸ்கற் ரின்னில் நுழைவுச்சீட்டுத் துண்டுகளைச் சேர்த்து வைத்திருந்தார். அப்போலோ 1985 ஜூன் 16 ஆம் நாள் ‘ஸ்ரைல் கவுன்சில்’ குழுவின் நிகழ்ச்சியோடு மூடப்பட்டது. அந்த இறுதி இரவை அவர் எனக்கு இருமுறை விபரித்திருந்தார். மேல்மாடம் கடைசி முறையாக அசைந்ததையும், விளக்குகள் எரிந்த பின்னரும் எவரும் வெளியேற மனமின்றி நின்றதையும் கூறும்போது அவருடைய கண்கள் கலங்கும். ஒருநாள் அத்துண்டுகளைத் திகதி வரிசைப்படி அடுக்கிக்கொடுத்த நான், “அந்தக் கடைசி இரவின் சீட்டை மட்டும் காணவில்லையே” என்று கேட்டுவிட்டேன். அவர் ரின்னை வாங்கி மூடினார். அதன்பின் நான்கைந்து நாட்கள் அவருடைய கதவு திறக்கவில்லை.

பின்னர் ஒரு மாலை அவராகவே கதவைத் தட்டினார். உட்காருமுன்னரே சொல்லத் தொடங்கினார். அவ்வாண்டு இளவேனிற் காலத்தில் கப்பற்றளத்தில் அவருக்கு வேலை போயிருந்தது. முன்னரே வாங்கிவைத்த சீட்டை வேலைத்தோழர் ஒருவருக்கு விற்றுவிட்டார். அன்றிரவு வீட்டிலிருக்க மனமின்றி றென்பீல்ட் வீதிக்கு நடந்துசென்று, எதிர்ப்பக்க நடைபாதையிலே நின்று, சுவர்களினூடாகக் கசிந்த முழக்கத்தைக் கேட்டார். சனங்கள் வெளியே வரத் தொடங்கியதும், தெரிந்தவர் எவரும் கண்டுவிடக் கூடாதென்று விலகிச் சென்றார். மறுநாள் தோழர் கூறிய விபரங்களையே ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாகத் தம்முடையவையாகச் சொல்லி வந்திருக்கிறார். “சொல்லிச் சொல்லி, அசைந்த மேல்மாடத்தை என் காலிலேயே உணர்கிறேன். இப்போது எது மெய்யென்று எனக்கே தெரியவில்லை” என்றார்.

நான் வெட்கிப்போனேன். ஒரு துண்டுக் கடதாசியைக் காணாததைச் சுட்டிக்காட்டி ஒரு மனிதரின் இரவொன்றைப் பறித்துவிட்டேனோ என்ற எண்ணம் என்னைப் பலநாள் வருத்தியது.

கலைப்பீடத்திற் சேர்ந்து, வரலாற்றுச் சான்றுகளை எவ்வாறு ஐயுற்று நோக்க வேண்டுமென்று கற்றபோது இந்நிகழ்ச்சியே அடிக்கடி நினைவுக்கு வந்தது. அவர் கூறியது பொய் என்பதில் ஐயமில்லை. எல்லோரும் அங்கிருந்ததாகச் சொல்லத் தொடங்கினால் உண்மையில் அங்கிருந்தோரின் சாட்சியம் மதிப்பிழந்துவிடும் என்பதும் மெய்யே. ஆனால் அப்பொய் ஏன் தேவைப்பட்டது என்று எண்ணிப் பார்க்கையில் வேறோர் உண்மை புலப்படுகின்றது. மேடையில் நின்றோரின் பெயர்கள் இசைத்தட்டிலும் படிக்கட்டிலும் பதிந்துள்ளன. கீழே நின்றோருக்கு “நானும் அங்கிருந்தேன்” என்ற ஒரு வாக்கியத்தைத் தவிர வேறு பதிவு கிடையாது. வேலை பறிபோன ஆண்டில் அந்த வாக்கியமும் பறிபோவதை அவராற் பொறுக்க இயலவில்லை. அன்றியும், வீதியின் மறுபக்கத்திலே சீட்டின்றி நின்றவரும் அந்நகரின் இசை வரலாற்றிற் சேர்ந்தவரல்லரோ? அந்த மெய்யான கதையை அவர் எவருக்கும் கூறாது மறைத்தமையே எனக்குத் துயரந் தருகின்றது. ஏனெனில் அவருடைய கதைகள் யாவற்றிலும் சிறந்தது அதுவே.

கிளாஸ்கோவை 2008 இல் யுனெஸ்கோ ‘இசை நகரம்’ என அங்கீகரித்தது. ஆயினும் பட்டங்கள் கட்டடங்களைக் காப்பதில்லை. அப்போலோ இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் 2001 இல் வானளாவிய படமாளிகையொன்று எழுந்தது. 2018 ஜூனில் கலைக்கல்லூரியைப் பற்றிய தீ அயலிலிருந்த ‘ஏபிசி’ இசையரங்கையும் பாழாக்கியது. இத்தகைய நகரில் நினைவே கூரையாகவும் சுவராகவும் நிற்க வேண்டியுள்ளது.

நான் நாடு திரும்புவதற்கு முந்திய வாரம் தந்தையும் மகளும் என்னைப் பாரோலண்டுக்கு அழைத்துச் சென்றனர். முதியவர் படிகளில் மெதுவாக ஏறி வருகையில், முன்னே சென்ற மகள் என்னிடம் தாழ்ந்த குரலில், “அப்போலோவின் கடைசி இரவைப் பற்றி உனக்கும் சொன்னாரா?” என்று கேட்டார். நான் விடையளிக்கத் தயங்கினேன். “அந்தச் சீட்டை விற்ற பணத்தில் எனக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்கினார். அம்மா சொல்லியிருக்கிறாள். அவரிடம் நான் ஒருபோதும் கேட்டதில்லை” என்றார்.

உள்ளே ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் நின்றிருந்தனர். இசை தொடங்கியதும் முதியவர் தமது செவித்துணைக் கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் இட்டார். பின்னர் குனிந்து தரையைச் சுட்டிக் காட்டினார். அந்த மரத்தளம் என் பாதங்களின் கீழ் மூச்சு விடுவதுபோல் எழுந்து தாழ்ந்தது. அவருடைய தாயார் கூறியது எத்துணை மெய் என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

அன்று பாடப்பட்ட பாடல்களில் ஒன்றேனும் இன்று என் நினைவில் இல்லை. காட்டுவதற்குச் சீட்டுத் துண்டும் இல்லை. இக்காலத்து வழக்கப்படி நுழைவுச்சீட்டுகள் மூன்றும் மகளின் கைத்தொலைபேசியிலேயே இருந்தன. ஆகவே நானும் அங்கிருந்தேன் என்பதற்கு என் சொல்லைத் தவிர வேறு சான்றில்லை. வாசகர் நம்புவதும் நம்பாததும் அவர்தம் விருப்பம்.