வலை கட்டியவருக்கும் சேர்த்து

அன்புள்ள சர்க்கஸ் கலைஞர்களுக்கும் கூடாரத் தொழிலாளர்களுக்கும்,

மேச்சேரியிலிருந்து எழுதுகிறேன். சேலத்தில் நீங்கள் கூடாரம் போட்டிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலைக் காட்சிக்கு அம்மா, மனைவி, பிள்ளைகளோடு ஓமலூர் வழியாகப் பஸ் பிடித்து வந்திருந்தோம்.

கேலரியில் உட்கார்ந்ததிலிருந்து அம்மா, “சிங்கம் எப்பக் கண்ணு வரும்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் கல்யாணத்துக்கு முன் பார்த்த சர்க்கஸில் சிங்கம் முக்காலியில் ஏறி உட்காருமாம். கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் எதையும் வித்தைக்குப் பழக்கக் கூடாதென்று 1998இல் மத்திய அரசு அறிவித்ததையும், 2001இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்ததையும் சொன்னேன். “அப்புறம் எதுக்குக் காசு குடுத்து உள்ள வந்தோம்?” என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. நீங்கள்தான் ஊஞ்சல் பாயும் பார் விளையாட்டில் சொன்னீர்கள்.

அதற்கு முன்னால் நடந்ததைத்தான் நான் முக்கியமாக எழுத வந்தேன். ஜிகினாச் சட்டைக்காரர்கள் வருவதற்குள், நீலச் சட்டை போட்ட சிலர் ஓடிவந்து வலையை விரித்தார்கள். எங்கள் பக்கத்து மூலையில் ஒருவர் முடிச்சுப் போட்டார். காலை ஊன்றி, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்துக் கயிற்றை இழுத்துப் பார்த்தார். திருப்தியில்லை. அவிழ்த்து மறுபடி கட்டினார். பேண்டு முழங்குகிறது, கூட்டம் விசிலடிக்கிறது, அவர் அவசரப்படவே இல்லை. வலை ரொம்ப விறைப்பாக இருந்தால் விழுந்தவரை வெளியே எகிறவைத்துவிடும். தளர்ந்தால் ஆள் தரையில் மோதுவார். இரண்டுக்கும் நடுவில் அவர் கைக்கு ஒரு கணக்குத் தெரிந்திருக்கிறது. 1859இல் பாரிசில் ழூல் லெயோத்தார் முதன்முதலாக ஊஞ்சல் விட்டு ஊஞ்சல் பாய்ந்து காட்டியபோது கீழே மெத்தைதான் போட்டிருந்தார்களாம். வலையெல்லாம் பிற்பாடு வந்தது.

மேலே ஒருவர் முழங்காலை மடக்கித் தலைகீழாகத் தொங்க, எதிரிலிருந்து பறந்து வந்த பெண் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். அவரும் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்தார். உள்ளங்கையை நம்புவதில்லை போலிருக்கிறது, வியர்வை வழுக்குமே. அம்மா முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டார். சிங்கத்தை அப்புறம் கேட்கவே இல்லை.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். உயரம் குறைந்த ஜோக்கரைப் பட்டையால் அடித்துச் சிரிக்கவைக்கும் அயிட்டம் எனக்குப் பிடிக்கவில்லை. அதே மனிதர் பாரில் ஏறி, தடுமாறி, கால்சட்டை கழன்று, விழப்போகும் நொடியில் எதிர் ஊஞ்சலைப் பற்றினாரே, அதற்கு எழுந்து நின்று கைதட்டினேன். தப்பாகப் பாய்வதுபோல் சரியாகப் பாய, மற்றவர்களைவிட நன்றாகவே பாயத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தத் தொழிலின் வேர் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பம்பாயில் 1880இல் விஷ்ணுபந்த் சத்ரே இந்தியாவின் முதல் சர்க்கஸைத் தொடங்கினார். ஆனால் அதற்கு ஆட்களைத் தயார்செய்து கொடுத்த ஊர் கேரளத்துத் தலச்சேரி. கீலேரி குஞ்ஞிக்கண்ணன் என்ற உடற்பயிற்சி ஆசிரியர் 1901இல் அதன் பக்கத்திலேயே சர்க்கஸ் பள்ளி தொடங்கினார். அந்த வழியில் வந்த சங்கரன் 1951இல் குஜராத்தின் பில்லிமோராவில் ஜெமினி சர்க்கஸைத் தொடங்கி, 2023இல் மறைந்தார். சர்க்கஸில் குழந்தைகளை வேலைக்கு வைக்கக் கூடாதென்று 2011இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நியாயமான தீர்ப்பு. பிஞ்சு வயதில் உடம்பை வளைத்துப் பழகிய தொழிலுக்கு அதற்குப் பிறகு ஆள் சேர்ப்பது எவ்வளவு கஷ்டம் என்பது உங்களுக்குத்தான் தெரியும். உங்கள் காட்சியில் விலங்கும் இல்லை, சிறுபிள்ளைகளும் இல்லை. வளர்ந்தவர்கள் தங்கள் உடம்பை மட்டும் நம்பிக் காட்டும் வித்தையைப் பார்த்துவிட்டு, மனசில் உறுத்தல் இல்லாமல் வீடு திரும்ப முடிந்தது. அதற்குத் தனியாக ஒரு நன்றி.

மாசியில் எங்கள் பத்ரகாளியம்மன் திருவிழாவுக்கு ராட்டினக்காரர்கள் வருவார்கள். உங்கள் கூடாரம் எங்கள் ஊரில் அடங்காது. நீங்கள் சேலத்துக்கே வாருங்கள், நாங்கள் பஸ் ஏறி வருகிறோம்.

அந்த நீலச் சட்டைக்காரரிடம் இதை யாராவது படித்துக் காட்டுங்கள். அவர் எந்த ஊரோ, தமிழ் தெரியுமோ, தெரியாது. இந்தியில் சொன்னாலும் சரி.

இப்படிக்கு,
மேச்சேரியிலிருந்து உங்கள் ரசிகன்