மரம் பார்த்துக் காளான் அறிதல்

காளானை இனங்காண விரும்புகிறவர்கள் பெரும்பாலும் காளானையே உற்றுப் பார்க்கிறார்கள். பின்லாந்தின் வனங்களில் மரக்காளான்களை அவதானிப்பதையே பழக்கமாகக் கொண்டுவிட்ட நான் அவர்களிடம் முதலில் கேட்பது, அது எந்த மரத்தில் இருந்தது, அந்த மரம் உயிரோடு நின்றதா, பட்டுப்போனதா என்பதைத்தான். மரத்தில் வாழும் காளான் அதன்மேல் சும்மா அமர்ந்திருக்கவில்லை, அதைத் தின்றுகொண்டிருக்கிறது. ஆகையால், எதைத் தின்கிறது என்பதை நிர்ணயித்துவிட்டால், தின்பது எது என்ற வினாவுக்குப் பாதி விடை கிடைத்துவிடுகிறது.

ஸ்புரூஸும் பைனும் இருள் மூட நிற்கும் இவ்வடபுலத்துக் காடுகளில், இடையிடையே வெள்ளைப் பட்டையோடு தனித்துத் தெரிவது பிர்ச் என்கிற பூர்ஜ மரம். இமயச் சாரலில், பண்டைக்காலத்தில் ஏடெழுதப் பட்டை தந்த பூர்ஜபத்திர மரத்துக்கு இது நெருங்கிய உறவு. ரஷ்யர்கள் சாகா என்றும் பின்லாந்துக்காரர்கள் பகூரி என்றும் சொல்லும் காளானுக்கு வாசஸ்தலம் இந்த மரமே. ஆல்டர், ரோவன் மரங்களில் அபூர்வமாகக் காணப்படுவதுண்டு என்றாலும், ஸ்புரூஸில் பகூரியைக் கண்டேன் என்று ஒருவர் சொன்னால், மேற்கொண்டு விசாரிக்காமலே அது வேறொன்று என்று நான் தீர்மானித்துவிடுவேன்.

பார்வைக்கு அதில் காளானின் லட்சணம் ஒன்றுகூட இராது. குடை இல்லை, காம்பு இல்லை, அடிப்புறத்தில் துளைகளும் இல்லை. கிளை முறிந்த இடத்திலோ பட்டை பிளந்த காயத்திலோ உட்புகுந்த வித்து, பல ஆண்டுகள் உள்மரத்தை அரித்த பின்னர், பட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே தள்ளுகிற, பாதி எரிந்து அணைந்த விறகுக்கட்டை போன்ற, கரிய, வெடிப்புற்ற, ஒழுங்கற்ற திரள் அது. மேலோட்டைக் கீறினால் பொடியாக உதிரும். உள்ளே துருவின் நிறமும் தக்கையின் தன்மையும், ஊடே வெளிறிய ரேகைகளும் காணும். பூர்ஜ மரத்தில் இயல்பாக எழும் புடைப்புகளைப் பகூரி என்று புதியவர்கள் கொண்டாடுவதுண்டு. புடைப்பின்மேல் பட்டை தொடர்ந்து மூடியிருக்கும், உள்ளே இருப்பதும் வெறும் மரந்தான் என்பதைக் கவனித்தால் அந்த மயக்கம் தீர்ந்துபோகும்.

அதிகப் பொறுமை வேண்டுவது அதே மரத்தில் குடியிருக்கும் மற்றக் காளான்களிடத்தில். பெல்லினஸ் இனத்தின் காளான்கள் முதிர்ந்தபின் கறுத்து வெடித்துப் பகூரி போலவே தோன்றும். ஆனால் அவை கல்போல் இறுகியவை, உருப்பெருக்கிக் கண்ணாடியால் அடிப்புறத்தைப் பார்த்தால் நுண்துளைகள் தெரியும். குளம்புக் காளான் என்று வழங்கும் போமெஸ் சாம்பல்நிற வளையங்களோடு, சாகும் தறுவாயில் உள்ள மரத்திலும் செத்த மரத்திலும் நீட்டிக்கொண்டிருக்கும். மரம் சாய்ந்துவிட்டால், புதிதாக வளரும் அடுக்கைத் திருப்பித் துளைகள் மறுபடி பூமியை நோக்கும்படி அமைத்துக்கொள்வது அதன் சுபாவம். விழுந்த தண்டில் இரண்டு திசைகளில் வளர்ந்த போமெஸைக் கண்டால், மரம் நின்ற காலத்தில் வளர்ந்தது எது, விழுந்தபின் வளர்ந்தது எது என்று வகுத்துவிடலாம். இந்தக் காட்சிக்காகவே நான் பாதையைவிட்டு விலகுவதுண்டு. 1991-இல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் கண்டெடுக்கப்பட்ட, ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதனின் பையில் தீ மூட்டும் பொருளாக இந்தப் போமெஸின் சதை இருந்தது. பூர்ஜ மரத்தின் இன்னொரு காளானைத் தோல்வாரில் கோத்தும் வைத்திருந்தான். அவனும் மரம் பார்த்துக் காளான் அறிந்தவனாகவே இருந்திருக்க வேண்டும்.

இவையெல்லாவற்றிலும் விசித்திரமானது, நாம் பகூரி என்று கையில் எடுப்பது வித்து உண்டாக்காத மலட்டுத் திரள் என்பது. மெய்யான வித்துறுப்போ, மரம் செத்த பின்னரே, பட்டைக்கு அடியில் மெல்லிய பழுப்புத் தகடாகத் தோன்றி, பட்டையைத் தானே நெம்பிப் பிரித்து, வித்துகளைச் சொரிந்துவிட்டு, விரைவிலேயே பூச்சிகளுக்கு இரையாகி மறைகிறது. ஆகவே பகூரியை ஆயுள் முழுவதும் கஷாயமிட்டுக் குடித்தவர்களிலும் அதன் வித்துறுப்பைக் கண்ணால் கண்டவர் மிகச் சிலரே.

கஷாயம் என்றதும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். சோல்செனிட்சின் தம் 'புற்றுநோய் வார்டு' நாவலில் இதைப் பற்றி எழுதிய பிறகு இதன் கீர்த்தி உலகெங்கும் பரவிற்று. ஆனால் புற்றுநோயைத் தீர்க்கும் என்பதற்கு மனிதரிடம் செய்த தக்க பரீட்சை எதுவும் இல்லை. ஆக்சலேட் என்னும் உப்பு இதில் மிகுதி. நெடுநாள் அளவுமீறி உட்கொண்டு சிறுநீரகம் பழுதுபட்டவர்களைப் பற்றி வைத்தியப் பத்திரிகைகள் எழுதியிருக்கின்றன. விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

பின்லாந்தில் பிறர் நிலத்துக் காட்டிலும் தரைக்காளானையும் காட்டுப்பழங்களையும் பறிக்க யாவருக்கும் உரிமை உண்டு. பகூரி அந்த உரிமையில் சேராது. அதைப் பெயர்த்தால் உயிருள்ள மரத்துக்குச் சேதம் நேருமாதலால் நிலத்துக்குரியவரின் அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் கோடரியோடு வருகிறவர்களை நான் கூட்டிச் செல்வதில்லை.