ரெண்டு உடம்பு, ஒரே வலி

எங்க அம்மா இருக்கிறது பெரம்பலூர். சித்தி வாக்கப்பட்டது அரியலூர். 2001-ல் பிரிச்சு, 2002-ல் சேர்த்து, 2007-ல் மறுபடியும் பிரிச்சாங்களே, அதே ரெண்டு மாவட்டம்தான். அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் ஒரே உசரம், 155 சென்டிமீட்டர். எடைதான் மலைக்கும் மடுவுக்கும்! அம்மா 78 கிலோ, சித்தி 44. ரெண்டு பேருக்கும் ஒரே வியாதி, ஃபைப்ரோமயால்ஜியா.

பேரே வாயில நுழையலை இல்ல? உடம்பு முழுக்க வலி, தூங்கி எழுந்தாலும் அசதி, நடுநடுவே மறதி. ரத்தம், எக்ஸ்ரே எல்லாம் நார்மல்னு வரும். கோளாறு எலும்பிலோ மூட்டிலோ இல்லை. வலியை உணர்கிற மூளையும் நரம்பு மண்டலமும்தான் தேவைக்கு மேல வேலை செய்யுது. பொட்டி தட்டுறவன் பாஷையில சொன்னா, சென்சார் சரியாத்தான் இருக்கு, அலாரத்தோட வால்யூம் எகிறிக் கிடக்கு.

1990 விதிப்படி உடம்பில் 18 இடங்களை அழுத்திப் பார்ப்பாங்க, 11-ல் வலிச்சா இந்த நோய். 2010-ல் வந்த புது விதி அழுத்துறதை விட்டுட்டு, எங்கெங்க வலி, எவ்வளவு அசதி, தூக்கம் எப்படின்னு கேட்டு மதிப்பெண் போடச் சொல்லுது. பெரிய மெஷின் எதுவும் வேண்டாம், கேட்டாப் போதும். ஆனா கேக்கணுமே!

அம்மாவை முதல்ல பார்த்த டாக்டர் (பேர் வேண்டாம்) எடை மெஷினைத்தான் பார்த்தார். "உடம்பைக் குறைங்கம்மா, வலி தானாப் போயிடும்." அதுலயே மூணு வருஷம் ஓடிடுச்சு. சித்திக்கு நேர் எதிர். "சரியா சாப்பிடறதில்லையா? உடம்புல சத்தே இல்லை"ன்னு பாட்டில் பாட்டிலா டானிக். கடைசியில திருச்சியில ஒரு வாத நோய் டாக்டர் அரைமணி நேரம் உட்கார வச்சுக் கேள்வி கேட்டு, அம்மாவுக்கு நோயின் பேரைச் சொன்னார். வெளிய வந்ததும் அம்மா சொன்ன முதல் வார்த்தை: "டேய், இதெல்லாம் உன் சித்தி சொல்றதாச்சேடா!" இது ரத்த சொந்தத்தில் வர வாய்ப்பு அதிகம். அடுத்த மாசம் சித்தியும் அதே டாக்டர்கிட்ட.

அப்ப எடைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையான்னா, இருக்குங்க. நார்வேயில் சுமார் 16,000 பெண்களை 11 வருஷம் கவனிச்சு 2010-ல் ஒரு ஆய்வு வந்தது. எடை கூடுதலா இருந்தவங்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு 60-70 சதவீதம் அதிகம். ஆனா அம்பு ரெண்டு பக்கமும் பாயும். வலிச்சா நடக்க முடியாது, நடக்கலைன்னா எடை ஏறும். தூக்கம் கெட்டா பசி கூடும். போதாக்குறைக்கு மாத்திரை வேற. அமெரிக்காவில் 2007-ல் இந்த நோய்க்குன்னு முதல்ல அனுமதி வாங்கின ப்ரீகாபலின், பல பேருக்கு எடையை ஏத்தும். அம்மாவோட 78-ல் நாலு கிலோ மாத்திரை ஆரம்பிச்ச பிறகு வந்ததுதான். இப்படி ஒரு முடிவில்லாத லூப்புக்குள்ள மாட்டிக்கிட்ட பொம்பளையைப் பார்த்து "வாயைக் கட்டுங்க"ன்னா என்ன நியாயம்?

2017-ல் ஐரோப்பிய வாத நோய் மருத்துவர்கள் கொடுத்த வழிகாட்டலில், ரொம்ப அழுத்தமாச் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான், உடற்பயிற்சி. அதையும் எடுத்த எடுப்பில் எகிறினா மூணு நாள் படுக்கைதான். அம்மா மொட்டை மாடியில் அஞ்சு நிமிஷ நடையில் ஆரம்பிச்சாங்க. வாரம் ரெண்டு நிமிஷம் கூட்டி, இப்ப அரைமணி நேரம். அரியலூரில் சித்தியும் அதே கணக்கு.

ஒரு வருஷம் ஆச்சு. அம்மா குறைஞ்சது மூணே மூணு கிலோ. வலி போகலை, ஆனா ராத்திரி தூங்குறாங்க. ஒரு கிலோ சின்ன வெங்காயத்தை ஒரே மூச்சில் உரிக்கிறாங்க. குறைக்க எடையே இல்லாத சித்திக்கும் அதே பலன்!

போன பொங்கலுக்கு வந்த சித்தி, "ஏக்கா, அப்ப நம்ம ரெண்டு பேரையும் கூட்டி ரெண்டால வகுத்திருந்தா ஒரு டாக்டரும் நம்மளத் திட்டியிருக்க மாட்டாங்கல்ல?"ன்னாங்க. கணக்குப் போட்டேன். சராசரி 61 கிலோ, பிஎம்ஐ 25.4. நம்ம நாட்டு அளவுகோல்ல 25-ஐத் தொட்டாலே உடல் பருமன். அப்பவும் திட்டுத்தான் சித்தி :-)

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. எடை ஏறுதுன்னு மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க, டாக்டர்கிட்ட சொல்லுங்க.